கல்குளத்துப்பட்டி நிலத்தில் பார்ட்டியை ஒளித்து வைத்த விவரம்

பெயர்: ஞா. சந்தனராஜ். வயது: 48. தகப்பனார் பெயர்: ஞானமணி, காலமாகிவிட்டார். விலாசம்: மாதா கோயில் தெரு, ஆவூர், புதுக்கோட்டை மாவட்டம். தொழில்: நிலம் மற்றும் வீட்டுமனைத் தரகு. நாள்: 19.06.2024, மாலை மணி 6.40. இடம்: கீரனூர் காவல் நிலையம். உதவி ஆய்வாளர் சொர்ணவல்லி அவர்கள் கேட்க, நான் சொல்லச் சொல்ல, காவலர் பிச்சைமுத்து அவர்கள் எழுதியது.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். பத்தொன்பது வருடமாக இந்தத் தொழில் செய்து வருகிறேன். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. இன்று காலை முதல் காணவில்லை என்று தேடப்பட்ட முத்துராமன் அவர்கள், வயது 72, உயிரோடும் சுகத்தோடும் கிடைத்துவிட்டபடியால் இதை நான் நடுக்கமில்லாமல் சொல்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் தகப்பனார் பெயரைக் கேட்டதற்கு என் பெயரைச் சொன்னேன்.

எங்கள் தொழிலில் விற்கிறவரும் பார்ட்டி, வாங்குகிறவரும் பார்ட்டி. இரண்டு பார்ட்டியும் பத்திரப்பதிவு அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முன்னதாகவே சந்தித்து நம்பரை வாங்கிக்கொண்டால் நடுவில் நிற்கிறவன் கறிவேப்பிலைதான். அதனால் பார்ட்டிகளின் பெயரைச் செல்போனில் உள்ளபடி பதிய மாட்டோம். டீக்கடை மேசையில் போனை வைத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் இன்னொரு தரகர் நம்பரை எடுத்துவிடுவார். முத்துராமன் அவர்களை 'கீரமங்கலம் பூக்கடை' என்றும், வாங்க இருந்த ஆத்மநாதன் அவர்களை 'மீமிசல் மீன்' என்றும் பதிந்திருந்தேன். நிலத்தில் நின்றுகொண்டு நிலத்துக்காரர் பெயரைச் சத்தமாகச் சொல்லவும் மாட்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் உள்ளவர் காதில் விழுந்தால் மறுநாள் அவரே தரகராகிவிடுவார்.

முத்துராமன் அவர்களுக்குச் சொந்த ஊர் திருமயம் பக்கம். வியாபாரக் குடும்பம். தற்போது திருச்சியில், வங்கியில் வேலை பார்க்கும் மகள் அர்ச்சனா அவர்களுடன் இருக்கிறார். கல்குளத்துப்பட்டியில் அவருக்கு இரண்டு ஏக்கர் பதினான்கு சென்ட் நிலமும் அதில் ஒரு கிணறும் உண்டு. நாளை பதிவு என்று முடிவாகியிருந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அதன் பேரில் இன்று காலை 10.15 மணிக்குத் தனியாகப் பேருந்தில் கீரனூர் வந்து இறங்கினார். நான் என் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியில் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது எனக்கு அப்போதே தெரியும்.

10.45 மணிக்கு நிலத்துக்குப் போனோம். அதன் பின் அவர் நான்கு மூலைக் கல்லையும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, 11.10 மணிக்கு ஆத்மநாதன் அவர்கள் போன் செய்து, தானும் நிலத்தைப் பார்க்க அறந்தாங்கியிலிருந்து கிளம்பி வந்து மெயின் ரோட்டில் நிற்பதாகச் சொன்னார். நான் வரச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நான் சொல்லியிருந்த விலை ஒன்றல்ல. அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பின் நான் முத்துராமன் அவர்களிடம் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளும்படிக் கேட்கிறேன். "ஐயா, வேற தரகருங்க மோப்பம் பிடிச்சுக்கிட்டு இங்கிட்டு வாராங்க. போனை ஆஃப் பண்ணிருங்க. இப்பிடி வேப்ப மரத்தடியில இருங்க. ஆளு நடமாட்டம் தெரிஞ்சா மறைவா இருந்துக்கங்க. போலீஸ்னு சொல்லிக்கிட்டுக்கூட வருவாய்ங்க, நம்பாதீங்க. நான் வந்து கூப்புட்டா மட்டும் வாங்க. அரை மணியில வாரேன்." அவர் சரி தம்பி என்று என் கண் முன்னாலேயே போனை அணைத்தார். போலீஸ் என்று நான் சொன்னது பேச்சுக்குச் சேர்த்துக்கொண்ட வார்த்தை.

அதன் பின் நான் மெயின் ரோட்டுக்குப் போய், நிலத்தில் அளவு நடக்கிறது, இப்போது போக வேண்டாம் என்று பொய் சொல்லி ஆத்மநாதன் அவர்களைக் கீரனூருக்குத் திருப்பினேன். பத்திரம் எழுதுபவரிடம் கூட்டிப்போனேன். அங்கே எங்களுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். எழுந்து போனால் ஆத்மநாதன் அவர்கள் தனியாக நிலத்துக்குக் கிளம்பிவிடுவார் என்று பயந்து நானும் உட்கார்ந்துவிட்டேன்.

12.20 மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினார். முத்துராமன் மகள் பேசுகிறேன், அப்பச்சி போன் போகவில்லை, உங்களோடுதானே இருக்கிறார் என்று கேட்டார். தகப்பனாரை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். சென்ற மாதம் இதே மாதிரி, மகள் பேசுகிறேன் என்று ஒரு பெண்ணைப் பேசவிட்டு, என் கையில் இருந்த விராலிமலை நிலம் ஒன்றை வேறொரு தரகர் தட்டிப் பறித்தார். சூடு கண்ட பூனையாக இருந்த நான், "அந்த மாதிரி ஆளு யாரையும் எனக்குத் தெரியாதுங்க, ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இதைப் போல் ஒன்றை இனிச் சொல்ல மாட்டேன்.

ஆத்மநாதன் அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, 1.20 மணிக்கு ஒருவழியாக நிலத்துக்குத் திரும்பினேன். வேப்ப மரத்தடியில் அவர் இல்லை. காலி பிஸ்கட் பாக்கெட் ஒன்று மட்டும் கிடந்தது. அதன் பின் நிலம் முழுக்கத் தேடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பக்கத்து நிலத்தில் ஆள் இருந்தால் காதில் விழுமே என்று வாயை மூடிக்கொண்டு, திருடன் மாதிரி குனிந்து குனிந்து தேடினேன். கிணற்றடிக்குப் போனபோது, கிணற்றின் விளிம்பில் அவருடைய செருப்பு இரண்டும் ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஆழத்தில் கறுப்பாக இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அதன் பின் கயிறும் ஆட்களும் கொண்டுவர மெயின் ரோட்டுக்கு ஓடினேன். அங்கே டீக்கடையில் இரண்டு காவலர்கள் என் பெயரைச் சொல்லியே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்து அர்ச்சனா அவர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். ஒரு காவலர் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். இன்னொருவர் என்னை இங்கே அழைத்து வந்தார்.

உதவி ஆய்வாளர் என் போனைப் பார்த்தார்கள். புகாரில் இருந்த முத்துராமன் அவர்களின் நம்பர் அதில் பூக்கடை என்று இருந்தது. "பூக்கடைக்காரர்கிட்ட ஒரு வாரத்துல முப்பத்தெட்டு தடவை என்னய்யா பேச்சு? யாருக்கு மாலை?" என்று கேட்டார்கள். அவர் என் பார்ட்டி என்றேன். "மதியம் தெரியாதுன்ன ஆளு, இப்பப் பார்ட்டியா?" என்றார்கள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். உண்மையைச் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

அர்ச்சனா அவர்கள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் திட்டவில்லை. தகப்பனாரின் மதிய மாத்திரைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பேனாவால் எழுதியிருந்த எழுத்து அழிந்து போகும்வரை கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். சாப்பாடு தள்ளிப்போனால் அவருக்கு மயக்கம் வரும் என்று ஒரே ஒரு முறை, யாரையும் பார்க்காமல் சொன்னார்கள். அந்த இரண்டரை மணி நேரம் நான் பட்டது போதும். அவர் பிழைத்துக் கிடைத்தால் தொழிலே வேண்டாம் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அந்த நேர்ச்சையைப் பற்றிப் பங்குச் சாமியாரிடம் பேசிக்கொள்கிறேன்.

4.40 மணிக்குக் கிணற்றில் பழைய வாளியும் சேறும் தவிர எதுவும் இல்லை என்று தகவல் வந்தது. அர்ச்சனா அவர்கள் அப்போதுதான் முதல் தடவையாக அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் ஆள் எங்கே என்பது அப்போதும் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் த்ரீபேஸ் கரண்ட் வரும். பக்கத்து நிலத்துக்காரர் ராக்கன் என்பவர் தண்ணீர் பாய்ச்சுவதற்காகத் தன் மோட்டார் ரூமுக்கு வந்திருக்கிறார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்திருக்கிறது. தட்டியதற்கு உள்ளேயிருந்து, "இங்கன விக்கிற மாதிரி நிலம் ஒண்ணுமில்ல, போங்க" என்று குரல் வந்திருக்கிறது. அவர் கிணற்றடியில் நின்ற காவலரிடம் சொல்ல, காவலர் வந்து போலீஸ் என்று சொல்லித் தட்டியிருக்கிறார். "அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு வருவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று பதில் வந்திருக்கிறது. காவலர் அதை அப்படியே போனில் சொன்னார். உதவி ஆய்வாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

அர்ச்சனா அவர்களும் உடன் வந்தார்கள். ஜீப் நிற்பதற்குள் நான் குதித்து, வரப்பில் ஓடிப்போய், "முத்துராமன் ஐயா! முத்துராமன் ஐயா! நான் சந்தனராஜ் வந்துட்டேன்யா!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். தாழ் விலகியது. முத்துராமன் அவர்கள் சட்டையெல்லாம் கிரீஸும் ஒட்டடையுமாக, வெறுங்காலோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன தம்பி, அரை மணின்னு சொன்னீங்க. போட்டிக்காரங்க நெறையப் பேரு வந்துட்டாங்க. கெணத்துக்குள்ளகூட எறங்கித் தேடுனாங்க. நான் மூச்சு விடலயே" என்றார். தீயணைப்பு வீரர்கள் ஈர உடையோடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரோட்டில் ஒரு பைக் வேகம் குறைந்து போனதாகவும், அது வேறு தரகர்தான் என்று நினைத்து மறைவிடம் தேடியதாகவும், சேற்றுக்காலோடு அடுத்தவர் ரூமில் நுழையக் கூடாதே என்று கிணற்றடித் தொட்டியில் கால் கழுவிவிட்டுச் செருப்பை அங்கேயே விட்டுப் போனதாகவும் அவர் சொன்னார். இரண்டாவது பிஸ்கட் பாக்கெட்டைத் தின்று தண்ணீர் குடித்துச் சமாளித்திருக்கிறார். 108 வாகனத்தில் வந்தவர்கள் சோதித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பயமில்லை என்றார்கள்.

அர்ச்சனா அவர்கள் தகப்பனாரை ராக்கன் கொண்டுவந்து போட்ட கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, பாதத்தில் முள் தைத்திருக்கிறதா என்று இரண்டு காலையும் தடவிப் பார்த்தார்கள். அதன் பின் என் பக்கம் திரும்பி, "எங்கூடத்தான் இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றார்கள். அண்ணே என்றுதான் சொன்னார்கள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

காவலர்கள் கூப்பிட்டதால் ஆத்மநாதன் அவர்களும் அங்கே வந்திருந்தார். எனவே இரண்டு பார்ட்டியும் பதிவுக்கு முன்பாகவே, ஒரு மோட்டார் ரூம் வாசலில் முகம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களாகப் பேசித் தெரிந்துகொள்வதற்கு முன், விலை வித்தியாசத்தை நானே சொல்லிவிட்டேன். ஆத்மநாதன் அவர்களுக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். முத்துராமன் அவர்கள் சிரித்தார். "நாங்க தலமொறையா ஏவாரம் பண்ணுன ஆளுக தம்பி. நீங்க ரெண்டு வெல சொல்லியிருப்பீங்கன்னு மொத நாளே தெரியும். ஆனா இப்பிடி ஒளிச்சு வைப்பீங்கன்னு தெரியாது" என்றார். அதன் பின் இருவரும் என் எதிரிலேயே நம்பரை வாங்கிக்கொண்டார்கள். நான் ராக்கன் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நாளை பதிவுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அர்ச்சனா அவர்கள் புகாரை மேற்கொண்டு நடத்த விரும்பவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் நடந்ததைப் பதிய வேண்டும் என்று உதவி ஆய்வாளர் சொன்னதன் பேரில் இதைச் சொல்கிறேன்.

அதன் பின் வீட்டுக்குத் தகவல் சொல்லும்படி என் போனைத் திருப்பித் தந்தார்கள். நான் என் மனைவி ஏஞ்சலிடம், கீரனூர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். அவள், "சரி சரி, நெசமா எந்த ஊர்ல நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் ஜெரால்டும் இதே தொழிலில் இருப்பதால், கல்யாணம் ஆன நாள் முதல் எங்கே இருக்கிறேன் என்பதை அவளிடம் நான் உள்ளபடி சொன்னதில்லை. சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. உதவி ஆய்வாளர் அவர்களே போனை வாங்கி, தான் இன்னார் என்று சொல்லிப் பேசினார்கள். அதற்கு அவள், "நீங்க எந்த ஊர்த் தரகருங்க?" என்று கேட்டுவிட்டாள். அதற்காக அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவுமில்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை. இதன் நகல் ஒன்றை, நிலைய முத்திரையுடன், என் மனைவியிடம் காட்டுவதற்காகத் தந்து உதவும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ஞா. சந்தனராஜ்