மூன்றாம் நம்பர் எஞ்சின்

பஞ்சு பறக்கிற ஊரில் குட்டி ரயில் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை சார். தண்டவாளத்தின் அகலமே ஆறரை மில்லிமீட்டர்தான். எஞ்சின் என் சுண்டுவிரல் நீளம். நிட்டிங் மிஷினிலிருந்து வருகிற ஒற்றை இழை சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் போதும், அடம்பிடித்து நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் தண்டவாளம் முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை உள்ளவனை யாரும் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது.

என் பெயர் அருள்செல்வன். வயது நாற்பத்தொன்பது, சொந்த ஊர் பல்லடம். சென்னியப்பன் முதலாளியின் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாக எலக்ட்ரீஷியன். எங்கள் கம்பெனி அயர்ன் மாஸ்டர் பாண்டித்துரை போன ஐப்பசியில் ஷாக் அடித்து இறந்தது எப்படி என்று சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். ரயிலைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல வராது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன், எங்களிடம் சரக்கு வாங்குகிற ஜெர்மனி பையரின் குவாலிட்டி ஆள் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். ஒரு எஞ்சின், மூன்று கோச், வட்டத் தண்டவாளம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பிறகு போனில் கோயம்புத்தூர் ஆட்கள் சிலரின் பழக்கம் கிடைத்தது. அவர்கள் ஆளுக்கொரு பலகையில் தண்டவாளம், ஸ்டேஷன், மலை எல்லாம் செய்வார்கள். மாட்யூல் என்று பெயர். இரண்டு முனையும் எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் யார் பலகையோடும் யார் பலகையும் சேரும். பத்துப் பேர் சேர்ந்தால் பெரிய கல்யாண மண்டபத்தையே ரயில் சுற்றி வரும். நான் நான்கு மாட்யூல் செய்தேன். அயர்ன் செக்‌ஷனுக்கு மேலே மெயின் போர்டு இருக்கிற அறை சும்மா கிடந்தது. முதலாளி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்தது டிஜிட்டல். அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் அரிசி அளவு சில்லு ஒன்று தன் நம்பரைக் கூப்பிடும்வரை காத்திருக்கும். புதிதாக வருகிற எஞ்சின் எல்லாவற்றுக்கும் நம்பர் மூன்றுதான், நாம்தான் மாற்ற வேண்டும். அது தெரியாமல் இரண்டாவது எஞ்சினை அப்படியே வைத்து மூன்றைக் கிளப்பினேன். இரண்டும் கிளம்பி நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. பக்கத்தில் நின்ற பாண்டித்துரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே பேரு வச்சுட்டுக் கூப்புட்டா ரெண்டு பேருந்தேண்ணே ஓடி வருவாய்ங்க."

அவன் மானாமதுரைப் பக்கம். மனைவி வேல்விழி எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறாள். டீ டயத்தில் எல்லோரும் டீக்கடைக்குப் போனால் அவன் மட்டும் மேலே ஏறி வருவான். பனியன் கழிவை நகத்தளவு வெட்டி, என் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டவன் அவன்தான். "அயர்ன் பண்ணித்தேண்ணே காயப்போட்டேன்" என்றான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

டிஜிட்டலில் ஒரே ஒரு தொந்தரவு. எங்காவது ஓர் இடத்தில் ஷார்ட் ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டி மொத்த லைனையும் அணைத்துவிடும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் நான் கை வைத்ததில்லை. வைத்தால் எஞ்சின் கருகிவிடும்.

கம்பெனியிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. ஆளின் உடம்பு வழியாகக் கரண்ட் ஒழுகினால் கண்ணிமைக்கிற நேரத்தில் லைனை அறுத்துவிடும். நாங்கள் ட்ரிப்பர் என்போம். அயர்ன் செக்‌ஷனுக்கும் என் மாடி அறைக்கும் ஒரே லைன், ஒரே ட்ரிப்பர்.

கோயம்புத்தூர் குழுவில் ஒரு விதி. புது ஆளின் மாட்யூலைச் சேர்ப்பதற்கு முன் அவர் வீட்டில் அது ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். முழுக்கப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து. பாண்டித்துரை இறந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடுகிறார்கள். நான் படம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை. விடாத மழை. கீழே ஷிப்மென்ட் அவசரம், எல்லா அயர்ன் டேபிளும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் ட்ரிப்பர் மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் ரயில் நின்றது. ஒரு முறை நாற்பத்தாறாவது நிமிடத்தில்.

சாப்பாட்டு நேரத்தில் பாண்டித்துரை வந்தான்.

"அண்ணே, என் டேபிளு லேசா சுர்ருங்குதுண்ணே."

"செருப்பு போட்டுட்டு நில்லு கண்ணு."

"செருப்ப வேல்விழி கழுவிக் காயப்போட்ருச்சுண்ணே. மழையில எங்க காயுது. வெறுங்காலோடதேன் வந்தேன்."

டேபிளைக் கழற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. நான் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்து அதன்மேல் நிற்கச் சொன்னேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான். அட்டை ஆவியில் நனையும் என்பது எனக்குத் தெரியும். எலக்ட்ரீஷியன் இல்லையா.

அதன்பிறகு ட்ரிப்பருக்கு வெளியே ஒரு ஒயரைப் போட்டு லைனை டைரக்ட் ஆக்கினேன். இனி கரண்ட் எங்கே ஒழுகினாலும் லைன் அறாது. முக்கால்வாசி கம்பெனியில் செய்கிற வேலைதான் இது. முதலாளியை இதில் இழுக்காதீர்கள், அவருக்குத் தெரியாது. ஆபீஸ் லைனிலிருந்து ரயிலுக்குத் தனியாக ஒயர் இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இழுத்திருக்கலாம். மழையில் வெளிப்படியில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

சரியாக இரண்டு மணிக்கு மூன்றாம் நம்பர் எஞ்சினைக் கிளப்பினேன். பஞ்சு வராமல் கதவைத் தாழிட்டிருந்தேன். அருமையாக ஓடியது சார். கடிகாரம் ஐம்பத்தொன்பது நிமிடம் இருபது நொடி காட்டியபோது கீழே சத்தம் கேட்டது. ஷாக் அடிக்கிறவன் போடுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும். எஞ்சின் அப்போது மூன்றாவது பலகையிலிருந்து நான்காவது பலகைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

டேபிள் சுவிட்ச் அதன் இரும்பு உடம்பிலேயே இருந்ததால் கீழே யாரும் தொடத் துணியவில்லை. இன்னொரு அயர்ன் மாஸ்டர் குமாரவேல் மாடிக்கு ஓடி வந்து கதவை இடித்தான்.

"அருளண்ணா, மெயின எறக்குங்க, பாண்டி ஒட்டிக்கிட்டானுங்க. அண்ணா, கேக்குதுங்களா?"

கேட்டது. மெயின் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. இறக்கினால் ரயில் நின்றுவிடும். சத்தம் கேட்டபோதே நாற்பது நொடிதான் பாக்கி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபது நிமிடம் ஆனதும் மெயினை இறக்கினேன். உடனே கதவைத் திறக்கவில்லை. முதலில் டைரக்ட் ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.

ஆட்டோவில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தனியாகப் பிடித்து, ஷாக் அடித்து எவ்வளவு நேரம் உயிர் இருந்திருக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாதுங்க என்றார். சொல்ல முடியாது என்றால் அது முதல் ஐந்து நொடியிலேயேகூட நடந்திருக்கலாம். அப்படியென்றால் அந்த நாற்பது நொடியால் ஒரு வித்தியாசமும் வந்திருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் ட்ரிப்பரின் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். டக்கென்று விழுந்தது. ட்ரிப்பர் நன்றாக இருக்கிறது, ஆள்தான் ஈரத்தில் வெறுங்காலோடு நின்றிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு ஏன் திறக்க நேரமாயிற்று என்று குமாரவேல் கேட்டான். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். நம்பினான்.

வெறுங்காலோடு நின்றதுதான் காரணம் என்று வேல்விழியும் நம்பினாள். அதுதான் சிக்கல். பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்தவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நாந்தேண்ணே அவரக் கொன்னுட்டேன். சேறா இருக்குன்னு செருப்பக் கழுவிப் போட்டேன் பாவி. ஒரு நா சேத்தோட போனா என்னண்ணே குறைஞ்சு போயிரும்?"

"அப்படியெல்லாம் சொல்லாத கண்ணு" என்றேன். அன்றிலிருந்து அவள் செருப்பே போடுவதில்லை. தார் ரோடு கொதிக்கிற சித்திரையிலும் வெறுங்காலோடுதான் வேலைக்கு வருகிறாள். பாதம் வெடித்து ரத்தம் வருகிறது. தன் புருஷனை ஆட்டோவில் தூக்கிப் போனவர் என்று வாரம் ஒரு நாள் எனக்கு மீன் குழம்பு வேறு கொண்டுவந்து கொடுக்கிறாள். நான் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கொடுப்பேன்.

சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பிய படத்தைப் பார்த்து, குழு என் மாட்யூலை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக மனசில்லை. ஒரு மாதம் கழித்து ஓட்டினேன். மூன்றாவது பலகையிலிருந்து நான்காவதுக்கு ஏறுகிற இடத்தில் எஞ்சின் நின்றது. பஞ்சு என்று நினைத்தேன், துடைத்தேன். மறுபடியும் நின்றது. இணைப்பை மாற்றினேன், புதுத் தண்டவாளம் போட்டேன், சில்லையும் மாற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் முழுதாக இருக்கிறது. எஞ்சினின் முன்விளக்கு எரிகிறது. எரிந்துகொண்டே நிற்கும், பிறகு தானாகக் கிளம்பும். நேரம் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நாற்பது நொடி. அது நிற்கிற அத்தனை நேரமும் அறையில் ஈரத் துணி ஆவியில் வேகிற வாசம் அடிக்கிறது சார். லீவு நாளில், கீழே ஒரு டேபிளும் ஓடாதபோதும் அடிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏழு மாதம் பார்த்தேன், முடியவில்லை. வேல்விழியின் காலைப் பார்க்கத் தாங்காமல்தான் வந்திருக்கிறேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ட்ரிப்பரை டைரக்ட் ஆக்கியதும் நான்தான், கேட்டும் மெயினை இறக்காமல் நின்றதும் நான்தான். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? போட்டுவிடுகிறேன். ஒரே ஓர் உதவி. அறைச் சாவி இந்தாங்க. நான் கையெழுத்துப் போட்டதும் யாராவது ஒருவரை அனுப்பி, மூன்றை அழுத்தி ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். நிற்காமல் போகிறதா என்று அவர் போனில் சொன்ன பிறகு என்னை உள்ளே கூட்டிப்போங்கள்.