ஏழாம் படி

இருபத்தோராம் நூற்றாண்டு முதன்முதலில் வந்து இறங்கிய ஊர் திருவண்ணாமலை. ஆண்டு 1983. இறக்கியவன் நான்.

மேசைக் கடிகாரம்தான். என் அப்பா பள்ளியில் படித்த காலத்துப் பத்திரிகைகளில் வரைவார்களே, அந்த மாதிரி ராக்கெட். மூன்று கால், கூர் மூக்கு, வயிற்றில் வட்ட முகம். உடம்பு பவுடர் டப்பாத் தகரம். உள்ளே சென்னையில் வாங்கிய மலிவு இயந்திரம். பாகங்களைப் பையில் போட்டு இருபத்தைந்து ரூபாய்க்குக் கொடுப்பேன். வாங்குகிறவரே பூட்டிக்கொள்ள வேண்டும். கூடவே நான் எழுதிய நான்கு பக்க விளக்கத்தாள். பிழையே இல்லாத தாள். படிக்கத்தான் ஆள் இல்லை.

வாங்கிய பதினொரு பேரில் பத்துப் பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பெரிய முள் மேலே ஏறும்போது வழுக்குகிறதாம். 'முள்ளைக் கட்டைவிரலால் அழுத்தவும்' என்று ஏழாம் படியில் எழுதியிருக்கிறேன். அழுத்தினீர்களா என்று கேட்டால் முறைத்தார்கள்.

பதினோராவது ஆள், கல்லூரியில் படிக்க நான் தங்கியிருந்த லாட்ஜில் பக்கத்து அறை தருமன் அண்ணன். கீழ்பென்னாத்தூர்க்காரர். அரசாங்க எழுத்தர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்லாம் யாருப்பா படிக்கிறது? முள்ளு லூசா இருந்துச்சு. சைக்கிள் வால்டியூப் ரப்பர கொஞ்சம் வெட்டி உள்ள சொருவிட்டேன். நிக்குது பாரு."

"காத்து எப்போண்ணே அடிக்கணும்?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். 'பங்க்சர் கடிகாரம்' என்று கல்லூரி முழுக்கப் பரப்பினேன். அது மூன்று மாதம் நகராட்சிச் சங்கு ஊதும் நேரத்தோடு ஒரு நிமிடம் பிசகாமல் ஓடியது. இதை எந்த வடிவமைப்பாளரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

தேர்வு வேலூரில். வயது வரம்பு அந்த ஆண்டோடு அவருக்கு முடிகிறது. காலை ஐந்தரை பஸ். முந்தைய மாலை, பெரிய கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னை அறையில் உட்காரவைத்துப் போனார். நான் முள்ளைக் கழற்றி வால்டியூபை உருவினேன். கடிகாரத்தைக் கெடுத்தேன் என்று சொல்லாதீர்கள். தாளில் உள்ளபடி ஆக்கினேன். கட்டைவிரலால் அழுத்தவும் செய்தேன்.

அவர் பஸ் நிலையம் போனபோது பஸ் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த பஸ் வேலூர் போய்ச் சேர்ந்தபோது தேர்வுக்கூடத்தின் கேட் மூடியிருந்தது.

மறுநாள் ராக்கெட்டை என் மேசையில் வைத்தார்.

"உன் கடியாரத்து மேல தப்பு இல்லப்பா. நான்தான் பேப்பர் படிக்காம பூட்டிட்டேன்."

மூன்று மாதமாக நான் கேட்க விரும்பியது அதுதான். பரவாயில்லைண்ணே என்றேன். இப்போது ஊரில் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தைக்கிறார் என்று கேள்வி.

எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஒரு விளக்கத்தாளைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

இந்த வாரம் வேலூர்க் கடை ஒன்று ஐம்பது கடிகாரம் கேட்டிருக்கிறது. திரும்பி வராமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அதனால் நானே பூட்டி அனுப்புகிறேன். மேசையில் ஒரு முழம் வால்டியூபும் கத்தரியும் இருக்கின்றன. கடிகாரத்துக்குக் கால் அங்குலம் வெட்டினால் போதும்.

ஏழாம் படியை மாற்றவில்லை.