மூச்சில் தெரியும் எண்

எனக்குச் சர்க்கரை இல்லாத டீயே போதும், டாக்டர். தம்பிக்கு இந்தக் கோளாறு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். கூடவே இருந்தவன் நான்தான், சொல்கிறேன்.

எங்கள் கடையில் பழைய ரேடியோக்களுக்கான வால்வுகள் விற்கிறோம். விரல் நீளக் கண்ணாடிக் குடுவைகள். பாதிக்கு மேல் எண் அழிந்துதான் வரும். எதுவென்று தெரியாமல் மாட்டினால் செட்டே கருகிவிடும். நான் அடியிலுள்ள கம்பிக் கால்களை எண்ணி, உள்ளிருக்கும் தகட்டைப் பார்த்து, புத்தகத்தைப் புரட்டி, மீட்டரில் வைத்து அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பேன். முப்பது வருஷப் பழக்கம். தம்பி கண்ணாடிமேல் ‘ஹா’ என்று ஒரு தடவை ஊதுவான். ஆவி படிந்து விலகும் அந்த நொடியில், விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து, அழிந்த எண்ணைப் படித்துவிடுவான். எனக்கும் சொல்லிக்கொடுத்தான். நான் ஊதினால் ஆவிதான் தெரிந்தது.

வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், “தம்பி இல்லையா?” என்பார்கள். கடையைத் தொடங்கியவன் நான். வயிறு எரியாதா? எரிந்தது, ஒளிப்பானேன்.

அவன் வால்வைச் சின்ன அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே எண்ணை எழுதி வைப்பான். அவன் சாப்பிடப் போனதும், ஒரே ஜாடையில் இருந்த இரண்டைப் பெட்டி மாற்றிப் போட்டேன். அவ்வளவுதான். அந்த வாரமே ஒருவர் கருகிய செட்டோடு வந்தார். தம்பி அந்த வால்வை ஊதிப் பார்த்தான். எண் வேறு. பெட்டியில் இருந்ததோ அவன் கையெழுத்து. அதை எப்படி மறுப்பான்? “பரவால்லடா, கண்ணு அசந்திருக்கும்” என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

நான் அவசரப்படவில்லை. பதினோரு மாதத்தில் ஆறே முறை. ஒவ்வொரு வால்வையும் பத்துத் தடவை ஊத ஆரம்பித்தான், உதடு வெடித்துப்போனது. ஒருநாள் என்னிடம் நீட்டினான். “அண்ணே, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எனக்கு என்மேலயே நம்பிக்கை இல்ல.” அன்று எனக்கு வாயெல்லாம் பல். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வந்தவர்கள் அப்போதும் அவனைத்தான் விசாரித்தார்கள், “பாவம், தம்பிக்கு என்னாச்சு?” என்று. பரிதாபத்திலும் அவனுக்கே முதலிடம்.

கடைசியில் தன் மகளைக் கூப்பிடும் முன் அவள் பெயரை என்னிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டான். அதைச் சரியாகத்தான் சொன்னேன். நானும் மனுஷன்தானே.

நேற்று உங்கள் ஆஸ்பத்திரியின் பார்வையாளர் அறைக்கு ஒரு வால்வு கொண்டுவந்தேன். மூன்று நாளாகப் புத்தகத்துக்கும் மீட்டருக்கும் பிடிபடாதது. தம்பி அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து ஒரே ஒரு தடவை ஊதினான். எண்ணைச் சொன்னான். கேட்டதுமே கால், தகடு, மீட்டர் கணக்கு எல்லாம் எனக்குப் பொருந்திவிட்டது.

“சரியாண்ணே?” என்றான். முகத்தில் பழைய களை வந்திருந்தது.

அவனுக்கு வீண் ஆசை காட்ட வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். “தப்புடா” என்றேன். பிறகு வெளியே வந்து, மறப்பதற்குள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.