பன்னிரண்டாவது குழிக்கு எழுதிய ஐந்து

ஹலோ... ஆங், நான்தான். கேக்குதா?... ஆமா, ஆமா, முடிஞ்சுது. கடைசி நாளும் முடிஞ்சுது, சீசனும் முடிஞ்சுது... ஐம்பதாவது... ஆமாம்மா, முதல் ஐம்பது பேருக்குத்தான் அடுத்த வருஷம் கோல்ஃப் டூர் போட்டிங்கள்ல இடம். கடைசி இடம் எனக்கு... ஏய், கத்தாத! பிள்ளைங்ககிட்ட இப்ப சொல்லாத. சொல்லாதன்னா சொல்லாத!

...இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஷூ மாத்துற ரூம்ல இருக்கேன். உக்கார முடியல, நடந்துக்கிட்டே பேசறேன்... சோடாபுட்டியா? அவன்... அவன் ஐம்பத்தொண்ணு.

...ஆமா, ஒரே ஒரு அடியில போச்சு... பாவம்தான். பதினேழு போட்டி, பதினேழு ஊர், ஒரே ரூம். இந்த வருஷம் என் கொறட்டையை உன்னைவிட அதிகமா கேட்டவன் அவன்... இரு, யாரோ வராங்க. தேங்க்ஸ் சார்! ஆமா சார், தப்பிச்சேன் சார்... போயிட்டாரு. ஆளாளுக்கு வந்து கை குடுக்கறாங்க, எனக்குக் கூசுது.

...சொல்றேன், சொல்றேன், பறக்காத. எங்க ஆட்டத்துல ஒருத்தன் ஸ்கோரை கூட ஆடறவன்தான் எழுதணும், தெரியும்ல? இன்னிக்கு அவன் கார்டு என் கையில. பன்னிரண்டாவது குழி. நான் பந்தை உள்ள போட அஞ்சு அடி ஆச்சு, அவன் நாலே அடியில போட்டுட்டான். எனக்குக் கடுப்பு தலைக்கேறி, அவன் கார்டுலயும் அஞ்சுன்னு எழுதிட்டேன். அந்த ஒரு அடி ஏறலன்னா ஐம்பதாவது அவன்தான்...

...எங்க பார்த்தான்? 'நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்'னு சொல்லி, கண்ணாடியைக்கூட துடைக்காம கையெழுத்து போட்டான். வெளிய பலகையில போட்டப்புறம்தான் விரல்விட்டு எண்ணினான்.

...போகாம இருப்பேனா? நான்தான் போட்டி நடுவர்கிட்ட ஓடினேன். கொறச்சு எழுதியிருந்தா ஆட்டத்தை விட்டே தூக்கிடுவாங்களாம். கூட்டி எழுதினா அது அப்படியே நிக்குமாம். கையெழுத்து போட்டாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு... அதையும் கேட்டேன்மா! நான் விலகினா அந்த இடம் காலியாத்தான் கிடக்குமாம், அவனுக்குப் போகாதாம்.

...என்ன கேக்கற?... நீயே இப்படிக் கேட்டா? வேணும்னு எழுதுவேனா நான்?...

...இல்ல, உன்மேல கோபம் இல்ல. ஒரே அடியில யாரு உள்ள, யாரு வெளியன்னு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆடிக்கிட்டிருந்தேன்... வேணும்னு எழுதல. எழுதலன்னுதான் நெனைக்கறேன். கை எழுதுச்சு. அதுக்கு மேல எனக்கே தெரியல.

...அவனா? நாலு திட்டு திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். 'விடு'ன்னான், அவ்ளோதான்.

...அவன் கார்லதான் வரணும், ஆறு மணி நேரம்... பஸ்ஸா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பஸ்ல வரேன்னு அவன்கிட்ட சொல்ல?... இரு, இரு. ஹாரன் அடிக்கறான். ஜன்னல்ல தெரியறான்... ஐயோ, என் பையையும் அவனே தூக்கி வச்சுட்டான்மா... இல்ல, அழல... முன் சீட்டைப் பின்னால தள்ளிவிடறான். எனக்குக் கால் நீளம்னு...

வைக்கறேன்.