ஒரு மணிக்கு வரவேண்டிய செய்தி

எந்த வேலையையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்துச் செய்தால்தான் எனக்கு நிம்மதி. அதனால் நடந்ததை ஒழுங்காகவே சொல்ல முடியும்.

2005 வைகாசியில், ஊர்காவற்றுறையில் பின்னேரக் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பொழுதுபோக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். வீட்டுக் கணினியில் ஒரு போனைக் கேபிளால் பூட்டி, யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்தி என்று பதிந்துவிட்டால் போதும். அந்த நேரத்துக்கு அது தானாகவே அனுப்பும். திரையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், சரி அடையாளம் போட ஒரு சிறிய பெட்டியும் வைத்தேன். அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி ஒன்பது வருடமாகியும், எங்கள் பக்கத்தில் கோயில் பூசையெல்லாம் பழைய நேரத்தில்தான் நடந்தது. பஸ்ஸும் படகும் புது நேரம். ஆகவே பெட்டியில் சரி போட்டால் பழைய நேரம், போடாவிட்டால் புது நேரம்.

வகுப்பில் காட்டினேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரன் அண்ணை சிரித்தார். பகலில் மேசன் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் படிக்க வருகிறவர்.

"மிரோஜன், இதுக்கு நீர் ஒரு சேவலை வளர்த்திருக்கலாம். கூவி முடிஞ்சா குழம்புக்கெண்டாலும் உதவும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'கோபமில்லை' என்றுதான் கொப்பியில் இருக்கிறது.

ஆனாலும் தனக்கும் செய்தி அனுப்பச் சொல்லி முதலாவதாகப் பெயர் தந்தவரும் அவர்தான். சுருவிலில் தமக்கை நிருஜா வீட்டில் தங்கி, வெள்ளிதோறும் நெடுந்தீவில் இருக்கும் தாய் ஜசிந்தாவுக்கு இருதய வருத்தத்துக்கு விழுங்கும் குளிசை கொண்டுபோவார். சீமெந்துக் கையோடு மணி பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு மணிக்கு என் செய்தி வந்தால், ஒன்றேகாலுக்கு பஸ், இரண்டரைக்குக் குறிகட்டுவானில் படகு. அதை விட்டால் அடுத்த நாள்தான்.

பத்துக் கிழமை ஒன்றும் தவறவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. செய்தி வராவிட்டாலும் அவர் படகைப் பிடித்திருப்பார் அல்லவா? முன்பெல்லாம் பிடித்தவர்தானே? அப்படியென்றால் என் புரோகிராமால் என்ன பயன்? ஒரு தடவையாவது பிழைக்கவிட்டுப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடைக்காது.

ஆவணியில் ஒரு வியாழன், வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கும்போது அவர் சொன்னார்: "நாளைக்கு உம்மட சேவலை மறக்காமக் கூவச் சொல்லும். அம்மாவுக்கு இண்டையோட குளிசை முடியுது."

"ஓம் அண்ணை" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவர் பெயருக்கு நேரே பெட்டியில் சரி போட்டேன். கொப்பியில் எழுதினேன்: 'சோதனை 1. அரை மணித்தியாலம் பிந்தும். என்ன செய்வார்?'

செய்தி ஒன்றரைக்குப் போனது. பஸ் போய்விட்டது. அவர் சைக்கிளில் குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர, படகும் போய்விட்டது. சோளகக் காற்றுக் கடுமையாக அடித்த நாள். தெரிந்த ஒருவரிடம் சின்ன வள்ளம் இரவல் வாங்கி, தனியாகவே வெளிக்கிட்டாராம். மூன்றாம் நாள் சாட்டிக் கடற்கரையில் குளிக்க வந்தவர்கள் உடலைக் கண்டார்கள். குளிசைகள் சேட்டுப் பொக்கற்றில் தண்ணீர் புகாமல் கட்டியபடி இருந்தன.

செத்தவீட்டில் நிருஜா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "நீர் அனுப்பினதைப் பாக்கப் பிந்திப்போனான் போல, தம்பி. உம்மில பிழையில்லை."

நான் மறுக்கவில்லை. செத்தவீட்டில் அந்தப் பெட்டியைப் பற்றி விளங்கப்படுத்துவது அழகில்லை.

இந்தச் சித்திரையில் அரசாங்கம் மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்கே திருப்பிவிட்டது. பெட்டியை எடுத்துவிட்டேன். இனி யாருக்கும் அந்தப் பிழை வராது. எட்டு மாதம் முந்தித் திருப்பியிருந்தால் அன்ரன் அண்ணை இருந்திருப்பார். அரசாங்கம் எதைத்தான் நேரத்துக்குச் செய்கிறது?

தாய் இப்போது சுருவிலில், மகளோடு. நிருஜா அக்கா விடியவே வேலைக்குப் போய்விடுவா. தாயிடம் ஒரு போனைக் கொடுத்து, எட்டு மணிக்குக் குளிசையை ஞாபகப்படுத்த என்னிடமே சொன்னா. "அம்மா தானா நினைச்சுப் போடமாட்டா. உம்மை நம்பித்தான் தம்பி."

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று கணினி வகுப்பு எடுக்கிற சேர் சொல்லித் தந்தவர். அன்ரன் அண்ணையின் விஷயத்தில் காற்றும் குறுக்கிட்டதால் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஆகவே எட்டு மணிச் செய்தியை நிறுத்திவைத்திருக்கிறேன். இன்று ஐந்தாம் நாள். நான் யாருக்கும் கெடுதல் செய்கிறவன் அல்ல. பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன்.