எந்த ஊர்த் தண்ணீர்

மாலை ஐந்தே கால் மணி. டிசம்பர் மாதம் என்றால் இலண்டனில் அது நன்றாக இருட்டிவிட்ட நேரம். குறொய்டனுக்கு அங்காலே ஒரு தொழிற்பேட்டை. அதன் பின்புறம் ஒற்றை வீதி. ஒரு பக்கம் கம்பிவேலி, மறுபக்கம் தண்டவாளம். பஸ் நிறுத்தத்துக்குப் பதினொரு நிமிட நடை. அந்த வீதியில்தான் பிரசாந்தினிக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

செருப்பில்லாத கால்... ஈரத் தாரில்... பத்... பத்...

கதை சொல்லிக்கொண்டிருந்த நகுலேஸ்வரி அக்கா கத்தியைக் கீழே வைத்தார். வெஸ்ட் ஈலிங் கோயில் மடைப்பள்ளி. நாளைய அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்ட உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும் கதிரைகளைக் கிட்ட இழுத்துக்கொண்டார்கள்.

"நரியாயிருக்கும்," என்றார் தேவராசா அண்ணை. "லண்டனிலை பேயைவிட நரிதான் கூட."

"நரிக்கு நாலு கால், அண்ணை. இது ரெண்டு. நீங்கள் பூசணியை வெட்டுங்கோ."

கடை வைத்திருக்கும் தன் சிநேகிதி வசந்தமலரின் பெறாமகளுக்கு, அதாவது தமக்கையின் மகளுக்கு, நடந்தது இது என்று சொல்லித்தான் அக்கா தொடங்கியிருந்தார்.

பிரசாந்தினி தொல்லியல் படித்தவள். எலும்புதான் அவளுடைய பாடம். அந்தத் தொழிற்பேட்டையில் அவள் வேலை செய்த அருங்காட்சியகக் களஞ்சியம் நிறையப் பெட்டிகள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் கப்பலில் அள்ளிக்கொண்டு வந்தவை. பசிபிக் தீவுக்காரரின் எலும்புகள், அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளின் எலும்புகள். யாரையும் கேட்டு எடுத்தவை அல்ல. இப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் யாரிடம் கொடுப்பது? பாதிப் பெட்டிகளில் ஊரே எழுதியிருக்கவில்லை.

அதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. பல்லில் இருந்து ஒரு துளியளவு சுரண்டி எடுப்பாள். குழந்தையில் ஒருவன் குடித்த தண்ணீர் அவன் பல்லில் நின்றுவிடுமாம். எத்தனை நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தாலும் அழியாதாம். அந்தத் தண்ணீரை வைத்து ஊரைப் பிடிப்பாள். அப்படியே தீவுக்காரர், ஆதிக்குடிகள் எல்லோரையும் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

கடைசியில் மிஞ்சியது ஒரு பெட்டி. ஆண். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயது. வேறொன்றும் இல்லை.

அவளுடைய அண்ணன் கீர்த்தனனுக்குக் காணாமல் போனபோது இருபத்திரண்டு. இரண்டாயிரத்து ஒன்பது, முள்ளிவாய்க்கால். "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று பதுங்குகுழியை விட்டு வெளியே போனவன். அவ்வளவுதான். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. தாய் அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய விடவில்லை. பதினைந்து வருடமாக, இலண்டனுக்கு வந்து குடியேறிய தோர்ண்டன் ஹீத் வீட்டிலும், முன்கதவை இரவில் பூட்ட விடவில்லை. படுக்கப் போகும்போது மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார். காலையில் அதை மல்லிகைத் தொட்டிக்கு ஊற்றுவார்.

அந்த வருடம் தாய் படுத்த படுக்கையானார். சோறு இறங்கவில்லை. டொக்டர் கையை விரித்துவிட்டார்.

"அவன்ர முகத்தை ஒருக்காக் கண்டால் போயிடுவன், பிள்ளை."

ஒவ்வொரு இரவும் அதே சொல். பிரசாந்தினி பாதியாய்ப் போனாள். ஊரார் பெற்ற பிள்ளைகளை எல்லாம் வீடு சேர்க்கிறவளுக்குத் தன் தாய் பெற்றவனைச் சேர்க்க வழியில்லை. அந்தக் கலக்கத்தில்தான் அவள் பெட்டியோடு கதைக்கத் தொடங்கினாள். அம்மா இன்றைக்கு ரெண்டு கரண்டிக் கஞ்சி குடித்தா... இன்றைக்கு அதுவும் இல்லை... இப்படி. பிறகு விளக்கை அணைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்று சொல்லுவாள். "போயிட்டு வாறன்."

மாலினியின் கை பூசணித் துண்டில் அப்படியே நின்றது. "செத்த வீட்டிலை அப்படிச் சொல்லப்படாதெல்லோ, அக்கா."

"சொல்லப்படாது. பேசாமல் எழும்பிப் போகவேணும். அவளுக்கும் தெரியும். ஆனால் வேலை செய்யிற இடத்தை ஆர் பிள்ளை செத்த வீடெண்டு நினைக்கிறது? அஞ்சு மாசம்... ஒவ்வொரு பின்னேரமும் திரும்பி வாறன், திரும்பி வாறன் எண்டு சொல்லியிருக்கிறாள்."

ஒரு நாள் பல்லின் முடிவு வந்தது. அவுஸ்திரேலியாவில் ஒரு ஆற்றங்கரை. அந்த ஆற்றுக்காரர் மூன்று பேர் இலண்டனுக்கு வந்து இறங்கினார்கள். இரண்டு ஆண்கள், ஒரு வயதான அம்மா. கொண்டுவந்த இலைகளைக் களஞ்சிய முற்றத்தில் கொளுத்திப் புகை போட்டார்கள். காரமும் இனிப்பும் கலந்த மணம். தைலம் மாதிரி, ஆனால் தைலம் இல்லை.

அந்த அம்மா பெட்டியின் மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"இவனோடு யார் பேசியது?" என்று கேட்டார். "இவன் யாருக்காகவோ காத்திருக்கிறான்."

பிரசாந்தினி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அந்த அம்மா எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"புகை அடங்கும் வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இவன் எங்களோடு வந்தாக வேண்டும்."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அதிர்ந்தது. சித்தி வசந்தமலர் செய்தி அனுப்பியிருந்தாள். அம்மா தண்ணீரும் விழுங்கவில்லை. கெதியாய் வா.

இரண்டு ஆண்களும் பெட்டியைத் தூக்கி வாசல்படியைத் தாண்டினார்கள். பிரசாந்தினியின் உதடு தானாக அசைந்தது. தானாக என்றுதான் அவள் பிறகு சொன்னாள். ஆனால் வசந்தமலரிடம் ஒரு நாள் உண்மையை ஒத்துக்கொண்டாள். தெரிந்துதான் சொன்னாளாம்.

"அண்ணா... வீட்டை வா."

ஒரே ஒரு தரம். பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டிருக்காது.

அன்று மாலைதான் அந்த ஒற்றை வீதி. ஐந்தே கால். பத்... பத்... அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. இலை புகைந்த மணம் மட்டும் பிடரியில். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாத சனம். ஆனால் அவளுக்குப் பக்கத்து இருக்கை தோர்ண்டன் ஹீத் வரைக்கும் வெறுமையாகவே வந்தது. ஒருவரும் அதில் உட்காரவில்லை.

வீட்டில் தாய் தலையணையில் சாய்ந்து எழும்பி இருந்தார். முகத்தில் வெளிச்சம்.

"அண்ணன் வந்திட்டான், பிள்ளை. உனக்குப் பின்னாலதான் வந்தவன்."

அன்று நான்கு வாய் சோறு இறங்கியது. பிரசாந்தினி குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாம் நாள் தாய் சொன்னார். "ஒண்டும் கதைக்கிறானில்லை. தமிழ் மறந்து போச்சாக்கும்."

"லண்டனிலை அது எல்லா வீட்டிலையும்தானே," என்றார் தேவராசா அண்ணை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய பூசணிக்காயும் வெட்டுப்படாமல் கிடந்தது.

ஒரு கிழமை போனது. தாயின் வெளிச்சம் அணைந்துவிட்டது. மகளின் கையைப் பிடித்து இழுத்து, மூலையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"பிள்ளை... நான் வைக்கிற தண்ணியை அவன் குடிக்கிறானில்லை. மணந்து பாத்திட்டு வச்சிடுறான். இது தன்ர தண்ணி இல்லையெண்டு தலையை ஆட்டுறான். இரவு முழுக்க அழுறான்."

பல்லையும் தண்ணீரையும் பற்றி அவள் தாயிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்றிரவே அவள் அந்த ஆற்றங்கரை அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். தான் கூப்பிட்டதை, அவன் வந்ததை, அழுவதை. மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். பதில் வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துத் தபாலில் ஒரு சின்னப் போத்தல் வந்தது. கலங்கின தண்ணீர். அடியில் கொஞ்சம் மண்.

இரவு அதைக் கிளாஸில் ஊற்றி மேசையில் வைத்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து விழித்திருந்தவள் எப்போதோ கண்ணயர்ந்துவிட்டாள். குளிர் முகத்தில் அடிக்கத்தான் எழும்பினாள். முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. கிளாஸ் காய்ந்திருந்தது, ஒரு துளி இல்லாமல். அந்த மணமும் இல்லை.

போயிட்டான்... என்று மேலே ஓடினாள்.

தாயும் போய்விட்டார். உடம்பு கட்டிலில்தான் கிடந்தது. வலக்கை மட்டும் போர்வைக்கு வெளியே நீண்டு, விரல்கள் மடங்கி... யாருடைய கையையோ பிடித்த மாதிரி.

அவள் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சித்திக்குக்கூட. கட்டில் காலடியில் குந்தியிருந்தாள். போன் அடித்தது. அவுஸ்திரேலியா. அந்த அம்மாவின் குரல்.

"பொடியன் வந்து சேர்ந்துவிட்டான், மகளே. படுத்ததும் தூங்கிவிட்டான். ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான பெண்ணும் வந்திருக்கிறாள். தூங்கமாட்டேன் என்கிறாள். என் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வீதியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் கொடுத்த தண்ணீரையும் தொடவில்லை..."

பிறகு கேட்டார்.

"அவளுக்கு எந்த ஊர்த் தண்ணீர்?"