சனிக்கிழமை மணி

மயில்சாமி: தம்பி, டேப்பைக் கீழ போடுங்க. அளவு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல வாசக் கதவைத் தொறங்க.

இளமாறன்: ஏன்ணா? அடுப்புக்குப் பின்னாடி மூணடி விடணும்னீங்க, இங்க ரெண்டே முக்கால்தான்...

மயில்சாமி: தொறங்கன்னேன்.

ஸ்வர்ணா: உங்க பாக்கெட்ல என்ன அது கத்துது? போனா?

மயில்சாமி: மீட்டருங்க அம்மணி. சிம்னி வேலைக்கு வர்றப்ப சட்டையில போட்டுக்குவேன். பதினாறு வருசமா நியூ ஜெர்சியில விறகடுப்பு மாட்டறேன், இது இப்பிடிக் கத்தி நான் கேட்டதில்ல. வீட்டுக்குள்ள வெஷக்காத்து இருக்குது.

ஸ்வர்ணா: கேஸ் லீக்கா? ஸ்மெல்லே வரலியே.

மயில்சாமி: இதுக்கு வாசமே கெடையாதுங்க. கார்பன் மோனாக்சைடு. கீழ, பேஸ்மென்ட்ல யாராச்சும் இருக்கறாங்களா?

இளமாறன்: அப்பா...

ஸ்வர்ணா: மாமா குளிச்சிட்டிருக்கார். சனிக்கிழமை, எண்ணெய் தேச்சுக் குளியல்... ஒரு மணி நேரமா சுடுதண்ணி ஓடுது. மாறா, போ. போ.

இளமாறன்: அப்பா... அப்பா, தாப்பாளைத் தொறங்க... அப்பா...

மயில்சாமி: ஒதுங்குங்க தம்பி, நான் தோள் குடுக்கறேன். அம்மணி, நீங்க வெளிய போயி 911 அடிங்க. உள்ள வந்துறாதீங்க.

ஸ்வர்ணா: வாட்டர் ஹீட்டர்...

மயில்சாமி: அதை நான் அணைச்சுக்கறேன். போங்க.

*

ஸ்வர்ணா: இங்க, இங்க, டிரைவ்வேலயே உக்கார வை. கண்ணு தொறந்திருக்கா?

இளமாறன்: தொறந்திருக்கு. நான் யாருப்பான்னா சித்தப்பா பேரைச் சொல்றார்.

மயில்சாமி: மூச்சு சீரா இருக்குதுங்க. கோட்டைப் போத்தி விடுங்க, மூஞ்சிய மூடாதீங்க, நல்லாக் காத்தாடட்டும். ஆம்புலன்ஸ் என்னாச்சு?

ஸ்வர்ணா: ஆறு நிமிஷம்னாங்க. ஃபயர் இன்ஜினும் வருது. குழந்தை அதிதி நல்லவேளை டான்ஸ் கிளாஸ்ல இருக்கா.

மயில்சாமி: இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கதவைத் தட்டியிருந்தோம்னா... சரி, விடுங்க. தம்பி, ஒண்ணு கேக்கறேன். சிம்னிக்குள்ள என்னத்தைத் திணிச்சு வெச்சீங்க?

இளமாறன்: நானா? ஒண்ணும் இல்லியே.

மயில்சாமி: கெட்டியா அடைச்சிருக்குது. புதுக் குழாய் எறக்கலாமான்னு உள்ள கைய விட்டேன். இழுத்தா கையோட வருது.

இளமாறன்: பழைய வீடுண்ணா. ஏதாவது பறவை கூடு கட்டியிருக்கும்.

மயில்சாமி: பறவை பவானி ஜமக்காளத்துலயா தம்பி கூடு கட்டுது?

ஸ்வர்ணா: என்ன ஜமக்காளம்?

மயில்சாமி: செவப்புக் கோடு போட்டதுங்க. நான் பெருந்துறைக்காரன், எனக்குத் தெரியாதா. கரி புடிச்சுப் போச்சு, ஆனாலும் மூலையில வெள்ளை நூல்ல கோ.சா.ன்னு தெச்சிருக்கறது தெரியுது.

ஸ்வர்ணா: கோபாலசாமி... மாறா, அது மாமாவோடது. ரெண்டு மாசமா என் ஜமக்காளம் எங்க, எங்கன்னு கேட்டாரே. நீதானே சொன்ன? நீங்க ஊர்லேந்து அதைக் கொண்டு வரவே இல்லப்பான்னு? சொல்லு.

இளமாறன்: அடுப்புக்கு இடம் பண்ண அந்தச் சுவரை இடிச்சேன்ல, அன்னிக்கு மேலேந்து ஒரே குளிர் காத்து. மண்ணு வேற கொட்டிட்டே இருந்துது. கைக்குக் கிடைச்சதை எடுத்துத் திணிச்சேன். ரெண்டு நாள்ல எடுத்துடலாம்னு... அப்புறம் மறந்தே போச்சு. ஞாபகம் வந்தப்போ, கரியாகியிருக்கும், அவர்கிட்ட என்னன்னு சொல்றது...

ஸ்வர்ணா: மறந்தது நீ. மறதின்னு டாக்டர் ஃபார்ம்ல எழுதினது அவருக்கு.

இளமாறன்: ஜமக்காளத்துக்கும் வெஷக்காத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஃபயர்பிளேஸை நாங்க ஒரு நாள்கூடப் பத்த வெச்சதில்லையே.

மயில்சாமி: பத்த வெக்கலீங்க. ஆனா வாட்டர் ஹீட்டர் இருக்குதே? இதுக்கு முந்தி குடியிருந்தவன் எவனோ அந்தப் புகைக்குழாயையும் இதே சிம்னியில சொருகி வெச்சிருக்கறான். இப்பத்தான் ஹீட்டரை அணைக்கறப்ப பாத்தேன். மேல வழிய அடைச்சா புகை எங்க போகும்? கீழதான் எறங்கும்.

இளமாறன்: ஆனா தினமும்தானே சுடுதண்ணி...

மயில்சாமி: அஞ்சு நிமிசம் ஓடறது வேற, ஒரு மணி நேரம் ஓடறது வேறீங்க. அதும் பெரியவரு ரூமு ஹீட்டருக்கு ஒட்டுன மாதிரி.

ஸ்வர்ணா: சனிக்கிழமை...

இளமாறன்: சனிக்கிழமை மத்தியானம்தான் வாந்தி எடுப்பார். தலை வலிக்குதும்பார். சாயந்தரம் அதிதி பேரு மறந்துடும். நாங்க எண்ணெய் ஒத்துக்கலைன்னு நெனச்சோம்.

மயில்சாமி: டாக்டர் என்ன சொன்னாருங்க?

இளமாறன்: டிமென்ஷியா ஆரம்பம்னார். தனியா விடாதீங்கன்னார். நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ்... அதனால...

மயில்சாமி: அதனால?

ஸ்வர்ணா: மாறா, இதெல்லாம் இப்ப எதுக்கு அவர்கிட்ட...

இளமாறன்: கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் ஹோம் பாத்திருக்கோம். செவ்வாய்க்கிழமை ஃப்ளைட். அப்பாகிட்ட சொந்தத்துல ஒரு கல்யாணம்னு சொல்லியிருக்கோம்.

மயில்சாமி: ரிட்டர்ன் டிக்கெட்டு எப்பங்க?

இளமாறன்: ...இல்ல.

மயில்சாமி: சாமி.

ஸ்வர்ணா: நாங்க ஒண்ணும் ஆசைப்பட்டுப் பண்ணல. கிச்சன்ல கேஸைத் திருகிட்டு மறந்துடறார். ரிமோட்டை ஃப்ரிட்ஜ்ல வெக்கறார்.

மயில்சாமி: இந்தக் காத்தைக் குடிச்சா நானும் வெப்பேன், அம்மணி. சரி, இன்னொண்ணு. பேஸ்மென்ட்ல இந்தக் காத்து வந்தாக் கத்தற அலாரம் எங்கீங்க? சுவத்துல வெறும் ஆணிதான் நிக்குது.

இளமாறன்: இருக்குமே. வீடு வாங்குறப்போவே இருந்துதே.

மயில்சாமி: கிரகப்பிரவேசத்துக்கு ஹோமம் பண்ணினீங்களா?

இளமாறன்: ஜூலைல. ஏன்?

மயில்சாமி: நம்மாளுங்க வீட்டுல எல்லாம் பாத்திருக்கறேன். புகைக்குக் கத்தக்கூடாதுன்னு அலாரத்துக்கெல்லாம் ஷவர் கேப் மாட்டுவாங்க, இல்ல கழட்டி வெச்சுருவாங்க. அப்பறம் மறந்துருவாங்க.

இளமாறன்: இல்லண்ணா. நாங்களும் ஷவர் கேப்தான் மாட்டினோம். ஆனா அன்னிக்கு ராத்திரியே ஒண்ணொண்ணா எண்ணிக் கழட்டினேன். பதினொண்ணு. பேஸ்மென்ட்ல இருந்ததும் சேத்து. பட்டனை அமுக்கிக்கூடப் பாத்தேன், வீடே அதிர்ற மாதிரி கத்துச்சு.

ஸ்வர்ணா: அப்போ மாமாதான் கழட்டியிருப்பார்.

மயில்சாமி: ஆணி என் தலைக்கு மேல இருக்குது. பெரியவரை இப்பத் தூக்கறப்ப பாத்தேனே, வலது கை தோளுக்கு மேல ஏற மாட்டேங்குது.

ஸ்வர்ணா: ஸ்டூல் போட்டு ஏறியிருப்பார். எதையாவது நோண்டிட்டேதானே இருப்பார்.

இளமாறன்: அண்ணா, அப்பா என்னமோ சொல்றார் பாருங்க. உங்க சட்டையைப் புடிச்சு இழுக்கறார்.

மயில்சாமி: சொல்லுங்கய்யா... ம்... ம்... ஆமாங்கய்யா, எல்லாருக்கும் கேட்டுச்சுங்க. நெசமாத்தானுங்க.

இளமாறன்: என்ன கேக்கறார்?

மயில்சாமி: என் மீட்டரு கத்துச்சு பாருங்க, அதை. 'இந்த மணி எனக்கு மட்டும் கேட்டுதா, உங்களுக்கும் கேட்டுதா'ன்னு கேக்கறாரு.

இளமாறன்: மணி...

மயில்சாமி: என்ன தம்பி, மூஞ்சி இப்பிடி வெளுக்குது? நீங்களும் அந்தக் காத்தைக் குடிச்சிருக்கறீங்க, உக்காருங்க.

இளமாறன்: டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொன்னார். சனிக்கிழமை குளிக்கறப்போ மணி அடிக்குது, மூணு வாரமா அடிச்சுதுன்னு. இல்லாத சத்தம் கேக்குதுன்னு டாக்டர் எழுதிக்கிட்டார். அப்போ அது...

மயில்சாமி: அலாரந்தானுங்க. ஒழுங்கா அடிச்சிருக்குது. அதைத்தான் யாரோ கழட்டியிருக்கறாங்க.

இளமாறன்: சனிக்கிழமைன்னா நான் அதிதியை டான்ஸ் கிளாஸ் கூட்டிட்டுப் போயிடுவேன். இன்னிக்குத்தான் கார்பூல், வேற வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போனாங்க. மத்த வாரமெல்லாம் வீட்ல இருந்தது... ஸ்வர்ணா.

ஸ்வர்ணா: சைரன் கேக்குது. வந்துட்டாங்க.

இளமாறன்: அது ரெண்டு தெரு தள்ளி வருது. என்னைப் பாரு. அலாரம் எங்க?

ஸ்வர்ணா: ...கராஜ்ல. என் ஸ்நோ பூட்ஸுக்குள்ள.

இளமாறன்: பூட்ஸுக்குள்ளயா?

ஸ்வர்ணா: மிளகா தாளிச்சாலே மேல இருக்கறது கத்துதில்ல? இதுவும் அந்த மாதிரின்னு நெனச்சேன், மாறா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். மொத வாரம் நிறுத்தினேன். ரெண்டாவது வாரமும் நிறுத்தினேன். மூணாவது வாரம் தாங்க முடியாம கழட்டிட்டேன். வெஷம்னு தெரிஞ்சா நான் மாமாவை...

இளமாறன்: அது சரி, தெரியாமக் கழட்டின. எல்லாரும் பண்ற தப்பு. நானும்தான் ஜமக்காளத்தைத் திணிச்சேன். ஆனா டாக்டர் உன்னைத்தானே கேட்டார்? என் பக்கத்துல உக்காந்திருந்த. வீட்ல வேற யாருக்காவது அந்தச் சத்தம் கேட்டுதான்னு கேட்டார். நீ இல்லைன்னு தலையாட்டின.

ஸ்வர்ணா: ஆமா.

இளமாறன்: மூணு வாரமும் உனக்குக் கேட்டிருக்கு. அப்புறம் ஏன் இல்லைன்ன?

மயில்சாமி: தம்பி, ஆளுங்க எறங்கறாங்க. ஸ்ட்ரெச்சருக்கு வழி விடுங்க.

இளமாறன்: ஏன், ஸ்வர்ணா?

ஸ்வர்ணா: கேட்டுதுன்னு சொல்லியிருந்தா, செவ்வாய்க்கிழமைக்கு நீ டிக்கெட் போட்டிருக்க மாட்டியே, மாறா.